வகுப்பறைக்கும் வீட்டுக்கும் நடுவே: பள்ளிச் சமூகப் பணியாளரும் ஆலோசகரும் என்ன செய்கிறார்கள்?

ஒரு மாணவி. வயது 13. இரண்டு மாதங்களில் 11 நாள் முதல் பீரியடுக்கு நேரத்தில் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'தாமதம்', 'தாமதம்' என்றே இருக்கிறது. வந்த பிறகும் மேசையில் தலையைச் சாய்த்துக்கொள்கிறாள். ஆசிரியர் இரண்டு முறை கண்டித்தார், சில நாள் வாசலில் நிற்க வைத்தார், வீட்டுக்குக் கடிதம் அனுப்பினார். பதில் வரவில்லை. 'படிப்பில் அக்கறை இல்லாத பிள்ளை' என்று முடிவு கட்டிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. அந்த வகுப்பில் இன்னும் 35 பேர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

விஷயம் புரிவதற்காக நான் கற்பனையாகச் சொல்லும் பிள்ளைதான் இவள். ஆனால் எந்தப் பள்ளியில் சொன்னாலும் "எங்க வகுப்பிலும் இப்படி ஒருத்தி இருக்கா" என்பார்கள்.

"ஏன் லேட்?" என்று அவளை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு அவளிடம் இருக்கும் பதில், தலையைக் குனிந்துகொள்வதுதான். "காலையில நீ கண் முழிச்சதிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு வர்ற வரைக்கும் என்னென்ன நடக்குது, ஒவ்வொண்ணா சொல்லு" என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பதற்கும், பதிலைக் கேட்ட பிறகு ஏதாவது செய்வதற்கும் பள்ளியில் ஒருவர் வேண்டும். பள்ளி ஆலோசகரும் பள்ளிச் சமூகப் பணியாளரும் அதற்காக இருப்பவர்கள்.

யார் யார்?

பள்ளி ஆலோசகரைப் பெரும்பாலும் கவுன்சலர் என்றே சொல்கிறோம். மாணவரோடு தனியாகவோ சிறு குழுவாகவோ உட்கார்ந்து பேசுவது அவர் வேலையின் மையம். தேர்வு பயம், நண்பர்களோடு சண்டை, அடக்க முடியாத கோபம், வீட்டில் ஒரு சாவு, அடுத்து என்ன படிப்பது என்ற குழப்பம் எல்லாம் அவர் அறைக்கு வரும்.

சமூகப் பணியாளர் சமூகப்பணியில் பட்டம் பெற்றவர். அவருடைய பார்வை பிள்ளையைச் சுற்றி விரியும். வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் சம்பாதிக்கிறார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, வாடகை கட்ட முடிகிறதா, பிள்ளை எப்படிப் பள்ளிக்கு வருகிறது, இந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டிய உதவி எதுவும் சேராமல் இருக்கிறதா? இதையெல்லாம் விசாரித்து, பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே, வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே, சில சமயம் குடும்பத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் நடுவே நடப்பவர் அவர்.

மூன்றாவதாகப் பள்ளி உளவியலாளர் என்று ஒருவர் உண்டு. கற்றல் குறைபாடு, கவனக் குறைவு போன்றவை இருக்கின்றனவா என்று முறையான சோதனைகள் வைத்துப் பார்ப்பது அவர் துறை. சில இடங்களில் இந்த மூவரும் தனித்தனி ஆட்கள். பல இடங்களில் ஒரே ஆள் இரண்டு மூன்று பேரின் வேலையைச் செய்கிறார். அதனால் பெயர்ப் பலகையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்கள் பள்ளியில் இருப்பவர் எதையெல்லாம் பார்க்கிறார் என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வதே சுலபம்.

பிள்ளையைச் சுற்றிப் பார்ப்பது என்றேன். இதற்கு ஒரு கோட்பாடு இருக்கிறது. யூரி ப்ரான்ஃபென்ப்ரென்னர் என்ற உளவியலாளர் 1979-இல் அதை விரிவாக எழுதினார். ஒரு குழந்தை வட்டத்துக்குள் வட்டமாக அமைந்த பல உலகங்களின் நடுவே வளர்கிறது என்றார் அவர். வீடு, வகுப்பறை, தெரு ஆகியவை உள்வட்டம். அப்பா அம்மாவின் வேலையிடம் வெளிவட்டம். குழந்தை அங்கே ஒருநாளும் கால் வைத்திருக்காது. ஆனால் அங்கே ஷிஃப்ட் மாறினால் குழந்தையின் தூக்கம் மாறும். நம் 13 வயது மாணவியின் கதையும் இந்த இடத்தில்தான் சிக்கியிருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு நடை

1906–07 கல்வியாண்டில் அமெரிக்காவின் நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்ஃபோர்டு ஆகிய மூன்று நகரங்களிலும், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமலே, ஒரே முயற்சி தொடங்கியது. எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வர வேண்டும் என்று சட்டம் வந்துகொண்டிருந்த காலம் அது. சட்டம் வந்தால் போதுமா? வேலைக்குப் போகும் பிள்ளைகள், புதிதாகக் குடியேறி மொழி தெரியாமல் தவிக்கும் குடும்பங்கள், நோய், நெருக்கடியான வீடுகள் எல்லாம் அப்படியே இருந்தன. வராத பிள்ளையைப் பிடித்து இழுத்துவர அதிகாரி இருந்தார். ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்க் கேட்க ஆள் இல்லை. அதற்காக நியமிக்கப்பட்டவர்களுக்கு 'வருகை ஆசிரியர்கள்' என்று பெயர். வீடு தேடி வருகிற ஆசிரியர்கள்.

முதலில் இவர்களுக்குப் பள்ளி நிர்வாகம் சம்பளம் தரவில்லை. சேவை அமைப்புகள்தான் செலவை ஏற்றுக்கொண்டன. 1913-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரக் கல்வி வாரியம் முதன்முதலாகத் தன் சொந்தப் பணத்தில் இந்த வேலைக்கு ஆள் வைத்தது. வீட்டைப் புரிந்துகொள்வதும் கல்வியின் ஒரு பகுதி, அதற்கான செலவும் பள்ளியின் செலவு என்று ஒரு நிர்வாகம் ஒப்புக்கொண்ட ஆண்டு என்பதால் 1913 முக்கியமான ஆண்டு.

ஆலோசகரின் கதை வேறு வழியில் வந்தது. ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908-இல் பாஸ்டனில் ஒரு தொழில் வழிகாட்டி நிலையம் தொடங்கினார். உன்னை நீ தெரிந்துகொள், வேலைகளைப் பற்றித் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பதே அவருடைய முறை. அதே ஆண்டு அவர் இறந்துபோனார், ஆனால் முறை நிலைத்தது. பிறகு பள்ளிகளுக்குள் நுழைந்து, வேலையை மட்டும் பேசிக்கொண்டிருந்த ஆலோசனை, பயத்தையும் துக்கத்தையும் நட்பையும் பேச ஆரம்பித்தது. ஜப்பானில் இது மிகப் பின்னால் வந்தது. பள்ளியில் சக மாணவர்களின் கொடுமையும், பள்ளிக்கு வர மறுக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் பெரிய கவலையாக ஆனபோது, கல்வி அமைச்சகம் 1995-இல் ஆலோசகர்களை அனுப்பத் தொடங்கியது. பேச்சு மட்டும் போதவில்லை, வீடு வரைக்கும் போக ஆள் வேண்டும் என்று 2008-இல் சமூகப் பணியாளர்களையும் சேர்த்தது.

அறைக்குள் நடப்பது

ஆலோசகர் அறைக்குப் பிள்ளைகள் மூன்று வழியில் வருவார்கள். ஆசிரியர் அனுப்புவார், பெற்றோர் கேட்டுக்கொள்வார்கள், அல்லது பிள்ளையே கதவைத் தட்டும். மூன்றாவது வழியில் வருபவர்கள் அதிகமாக இருந்தால் அந்தப் பள்ளியில் ஏதோ சரியாக நடக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அறிவுரை சொல்லி அனுப்புவதுதான் கவுன்சலிங் என்று பலர் நினைக்கிறார்கள். அறிவுரையை அந்தப் பிள்ளை ஏற்கெனவே வீட்டிலும் வகுப்பிலும் போதுமான அளவு கேட்டிருக்கும். ஆலோசகரின் பயிற்சி பெரும்பாலும் கேட்பதில்தான். பேச்சு நின்றுபோனால் அவசரமாக நிரப்பாமல் காத்திருப்பது, பிள்ளை சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொல்லி "இப்படித்தானே சொன்னே?" என்று உறுதி செய்துகொள்வது, சின்னக் குழந்தை என்றால் பேச்சுக்குப் பதிலாகப் படம் வரையவோ பொம்மை வைத்து விளையாடவோ விடுவது என்று அதில் நிறைய இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையிடம் "உனக்கு என்ன கவலை?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். "உங்க வீட்டை வரைஞ்சு காட்டு, யார் யார் எங்கே இருக்காங்க?" என்று கேட்டால், படத்தில் ஒருவர் மட்டும் வீட்டுக்கு வெளியே நிற்பதைப் பார்க்கலாம். படத்தை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. அங்கிருந்து பேச்சு தொடங்கும், அவ்வளவுதான்.

ஒரு கருவியைக் கிட்டத்தில் பார்ப்போம். 1980-களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஸ்டீவ் டி ஷேசர், இன்சூ கிம் பெர்க் என்ற தம்பதியர் தங்கள் குழுவோடு வளர்த்த ஒரு சிகிச்சை முறை உண்டு. பிரச்சினையைத் தோண்டிக்கொண்டே இருக்காமல், எப்போது கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்று தேடுவது அதன் வழி. அதில் ஒன்று எண் கேள்வி. நம் மாணவியிடம் ஆலோசகர் அதைக் கேட்கிறார்:

"0 என்றால் பள்ளிக்கூடமே வேண்டாம்னு தோணுற நாள். 10 என்றால் ஓடி வரணும்னு தோணுற நாள். இன்னைக்கு நீ எதுல இருக்கே?"

"3."

"சரி, 3. ஏன் 1 இல்லை?"

அவள் கொஞ்ச நேரம் யோசிக்கிறாள். "மத்தியானம் டிராயிங் கிளாஸ் இருக்கு மிஸ்."

"ஓ, நல்லது. 3 நாளைக்கு 4 ஆகணும்னா என்ன மாறணும்?"

"வாசல்ல நிக்க வைக்காம இருந்தா போதும்."

"ஏன் 10 இல்லை?" என்று கேட்டிருந்தால் அவள் குறைகளை அடுக்கியிருப்பாள், அல்லது பேசாமலே இருந்திருப்பாள். "ஏன் 1 இல்லை?" என்றதும், தன்னைத் தாங்கிப் பிடித்திருப்பது எது என்று அவளே தேடிச் சொல்கிறாள். அடுத்து அவள் கேட்டதைப் பாருங்கள். வாழ்க்கையே மாற வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. 35 பேர் பார்க்க வாசலில் நிற்காமல் இருந்தால் போதும். ஆசிரியரிடம் ஐந்து நிமிடம் பேசினால் தீரும் விஷயம். ஆலோசகர் அன்றே பேசிவிடுவார். பிள்ளை சொன்னது உண்மையிலேயே நடந்தது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த சந்திப்பில் பெரிய விஷயங்கள் வெளியே வரும்.

ரகசியம் எது வரைக்கும்?

நல்ல ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே, பிள்ளை எதையும் சொல்வதற்கு முன்பே, இதைச் சொல்லிவிடுவார்: "நீ இங்கே பேசறது என்கிட்டயே இருக்கும். ஆனா நீ உன்னையே ஏதாவது செஞ்சுக்கப் போறேன்னாலும், வேற யாரையாவது காயப்படுத்தப் போறேன்னாலும், உன்னை யாராவது துன்புறுத்தறாங்கன்னாலும், அதை நான் எனக்குள்ளயே வெச்சுக்க மாட்டேன். உன்னைக் காப்பாத்தக் கூடியவங்ககிட்ட சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்."

இந்தப் பேச்சைப் பின்னால் தள்ளிப்போடுவது பெரிய தவறு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துகொடுத்துவிட்டு, பிள்ளை மனம் திறந்த பிறகு சொல்லியே ஆக வேண்டிய நிலை வந்தால், அந்தப் பிள்ளை அடுத்து எந்தப் பெரியவரையும் நம்பாது. குழந்தை துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் அதிகாரிகளிடம் தெரிவிப்பதைப் பல நாடுகளில் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கே ஆலோசகருக்கு வேறு வழி கிடையாது.

பெற்றோருக்கு இது சங்கடமாக இருக்கும். "என் பிள்ளை என்ன சொன்னான்னு எனக்குத் தெரியக் கூடாதா?" என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பெற்றோருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு, பிள்ளையின் வயதுக்கு வயது மாறும். நடைமுறையில் ஆலோசகர்கள் ஒரு நடு வழி வைத்திருக்கிறார்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே ஒப்பிக்காமல், பெற்றோர் என்ன செய்தால் உதவும் என்பதைப் பிள்ளையிடம் கலந்து பேசிவிட்டுச் சொல்வார்கள். பல நேரம் பிள்ளையையே பக்கத்தில் உட்கார வைத்து, அதன் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவும் இதைத்தான் பேசுகிறது: தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்குப் போவது

இப்போது சமூகப் பணியாளர். அவர் முதலில் வருகைப் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு பார்த்தார். 11 நாள் தாமதமும் சும்மா சிதறிக் கிடக்கவில்லை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், அதுவும் செவ்வாய், புதன், வியாழன் மட்டும். அக்கறை இல்லாத பிள்ளை கிழமை பார்த்தா தாமதமாக வரும்?

அம்மாவுக்குப் போன் செய்தார். "உங்க பொண்ணு மேல புகார் சொல்லக் கூப்பிடலைங்க. அவ நல்லா வரையறான்னு டீச்சர் சொன்னாங்க. நான் ஒருநாள் வந்து உங்களைப் பார்க்கலாமா, உங்களுக்கு எப்ப தோதுப்படும்?" என்று கேட்டார். பள்ளியிலிருந்து போன் வந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும் பெற்றோர் நிறைய உண்டு. அவர்களில் பலர் தாங்களே பள்ளியில் அவமானப்பட்டு வளர்ந்தவர்கள். அதனால்தான் முதல் வாக்கியம் இவ்வளவு முக்கியம்.

வீட்டுக்குப் போனவர் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார். ஃபைலைத் திறக்கவில்லை. சுற்றும் முற்றும் கண்ணை ஓட்டவில்லை. "உங்க பொண்ணைப் பத்தி எங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்" என்று கேட்டார். அரை மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மூன்று நாள் இரவு வேலை. காலை எட்டரைக்குத்தான் வீடு திரும்புவார். வீட்டில் வேறு பெரியவர் இல்லை. நாலு வயதுத் தங்கையை எழுப்பி, கிளப்பி, குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான் அக்கா பள்ளிக்கு வர வேண்டும். காப்பகம் திறப்பது 8.15. பள்ளியில் முதல் பீரியட் தொடங்குவதும் 8.15. இரண்டு மாதங்களில் அப்படி நான்கு வாரம், மொத்தம் 12 நாள். அதில் ஒரே ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் தங்கையைக் கொண்டுபோய் விட்டார். அன்றைக்கு மட்டும் அவள் நேரத்துக்கு வந்தாள்.

வீட்டுக்கு வந்த கடிதம் என்ன ஆயிற்று? அம்மா பார்த்தார். தன் வேலையால்தான் பிள்ளைக்கு இந்த நிலை என்று எழுதிக் கொடுக்க வெட்கமாக இருந்தது. பிள்ளையைத் தனியாக விடுகிறாய் என்று யாராவது கேஸ் போட்டுவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. பள்ளியின் பார்வையில் அது அலட்சியம். வீட்டுக்குள் அது பயம்.

பிரச்சினை தெரிந்த பிறகு தீர்வு அவ்வளவு கடினமாக இல்லை. காப்பகத்தோடு பேசி, அந்த மூன்று நாள் மட்டும் குழந்தையை அரை மணி முன்னதாகச் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு. அதற்கான படிவத்தைச் சமூகப் பணியாளரே அம்மாவோடு உட்கார்ந்து நிரப்பினார். உதவி தேவைப்படும் குடும்பத்திடம் ஒரு போன் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவது சுலபம். கூட உட்கார்ந்து அந்த நம்பருக்கே அழைத்துப் பேசி, நேரம் வாங்கி, இரண்டு நாள் கழித்து "போனீங்களா, என்ன சொன்னாங்க?" என்று விசாரிப்பது வேறு. பாதி உதவிகள் சேராமல் போவது இந்த இடைவெளியில்தான் என்பது என் எண்ணம். கவுன்ட்டரில் ஒருமுறை எரிந்து விழுந்தால், தளர்ந்துபோன ஒரு தாய் இரண்டாவது முறை போக மாட்டார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோருக்குப் பள்ளியின் மொழி தெரியாவிட்டால் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்வது பரவலாக நடக்கிறது. செய்யவே கூடாது. தன்னைப் பற்றிய புகாரையோ, அம்மாவின் நோயையோ, வீட்டின் கடனையோ ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்ல நேர்வது பெரிய பாரம். மொழிபெயர்க்க வேறு பெரியவரை ஏற்பாடு செய்வது சமூகப் பணியாளரின் பொறுப்பில் வரும்.

குடும்பத்தோடு வேலை செய்வது பற்றி கார்ல் ரோஜர்ஸ் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு மறப்பதே இல்லை. பின்னாளில் உலகம் அறிந்த உளவியலாளர் ஆனவர் அவர். இளமையில் பன்னிரண்டு ஆண்டு, மேலே சொன்ன அதே ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான மையத்தில் வேலை பார்த்தார். முரட்டுத்தனமான ஒரு சிறுவனின் தாயோடு பேசிக்கொண்டிருந்தார். சிறு வயதில் தாய் அவனை ஒதுக்கியதுதான் காரணம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதை அந்தத் தாய்க்குப் புரிய வைக்க எவ்வளவோ முயன்றும் நடக்கவில்லை. இருவரும் முயன்றுவிட்டோம், இதோடு நிறுத்திக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். தாயும் சரி என்று எழுந்து கதவு வரைக்கும் போனார். அங்கே நின்று திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை தருவீர்களா என்று கேட்டார். திரும்ப வந்து உட்கார்ந்து தன் மண வாழ்க்கையின் துயரத்தைக் கொட்டத் தொடங்கினார். உண்மையான சிகிச்சை அப்போதுதான் தொடங்கியது, அந்தத் தாய்க்கும் மகனுக்கும் அது நல்லபடியாகவே முடிந்தது என்று ரோஜர்ஸ் எழுதினார். எங்கே வலிக்கிறது என்பது வலிக்கிறவருக்குத்தான் தெரியும் என்று அவர் அன்று கற்றுக்கொண்டதுதான் பிறகு அவருடைய முறை முழுவதற்கும் அடித்தளம் ஆனது.

எல்லாருக்கும் கொஞ்சம், சிலருக்கு அதிகம்

பிரச்சினை வந்த பிறகுதான் இவர்கள் வேலை என்று நினைக்க வேண்டாம். பள்ளிகளில் இந்த உதவியை மூன்று அடுக்காகத் திட்டமிடுவது வழக்கம். எல்லா மாணவர்களுக்கும் பொதுவானது கீழ் அடுக்கு: கோபத்தைக் கையாள்வது, சண்டையைத் தீர்ப்பது, பிறரால் துன்பப்படும்போது யாரிடம் சொல்வது போன்றவற்றை வகுப்பிலேயே கற்றுக்கொடுப்பது. நடு அடுக்கு சிலருக்கு: பெற்றோரை இழந்த நான்கைந்து பேர் வாரம் ஒருமுறை கூடும் குழு, தினமும் காலையில் வந்து ஒரு பெரியவரிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போகும் ஏற்பாடு. மேல் அடுக்கு மிகச் சிலருக்கு, தனித்தனியாக.

நடு அடுக்குக்கு யார் வர வேண்டும் என்று கண்டுபிடிக்க வருகைப் பதிவேடுதான் எளிய வழி. பள்ளி நாட்களில் 10 சதவீதம் வராமல் போனால் அதை நாள்பட்ட வருகையின்மை என்கிறார்கள். ஆண்டுக்கு 180 நாள் என்றால் 18 நாள். கேட்க அதிகமாகத் தெரியும். மாதத்துக்கு இரண்டு நாள்தான். ஒவ்வொரு மாதமும் பார்த்தால் யார் கண்ணிலும் படாத எண்ணிக்கை.

ஆபத்து என்று தெரியும்போது

"நான் இல்லாமல் போனா நல்லாயிருக்கும்" என்று ஒரு பிள்ளை நோட்டில் எழுதியிருக்கிறது. ஆசிரியர் பார்த்துவிட்டார். என்ன செய்வது?

பலர் அஞ்சுவது ஒன்று: நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ? அப்படி ஆகாது. ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கின்றன. அமைதியாக, நேராகக் கேட்பதால் தற்கொலை எண்ணம் உண்டாவதில்லை. பல நேரம், யாராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வருகிறது. ஆலோசகர் சுற்றி வளைக்காமல் கேட்பார்: "செத்துப் போகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" பதிலைப் பொறுத்து அடுத்த நடவடிக்கை. பிள்ளையைத் தனியே விடுவதில்லை. பெற்றோர் அன்றே வரவழைக்கப்படுவார்கள். வீட்டில் மருந்து, பூச்சிமருந்து, கூர்மையான பொருட்கள் எங்கே இருக்கின்றன, அவற்றை எப்படி எட்டாமல் வைப்பது என்று பேசுவார்கள். மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

பிள்ளையோடு சேர்ந்து ஒரு தாளில் பாதுகாப்புத் திட்டமும் எழுதுவார்கள். மனம் இருளத் தொடங்கும்போது முதலில் என்ன அறிகுறி தெரியும், அப்போது நானே என்ன செய்து பார்க்கலாம், யாரிடம் போகலாம், இரவு என்றால் யாரை அழைக்கலாம் என்பதெல்லாம் பிள்ளையின் சொந்த வார்த்தைகளில் இருக்கும். சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் நாளும் கவனமாகத் திட்டமிடப்படும். எந்த ஆசிரியருக்கு எவ்வளவு சொல்வது, விடுபட்ட பாடங்களை எப்படி ஈடுகட்டுவது, "எங்கே போயிருந்தே?" என்று நண்பர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று முன்கூட்டியே பேசிவைப்பார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பதில் கையில் இருந்தால், திரும்பி வருகிற பிள்ளைக்குக் காலெடுத்து வைக்கத் தைரியம் வரும்.

பெற்றோருக்கு

உங்கள் பிள்ளையை ஆலோசகரிடம் அனுப்பச் சொன்னால், பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று அர்த்தம் இல்லை. உங்கள் வளர்ப்பைக் குறை சொல்வதாகவும் இல்லை. நீங்களே முன்வந்து கேட்கவும் செய்யலாம். வீட்டில் சாவு, பிரிவு, வேலை இழப்பு, வீடு மாறுதல் போன்ற எதுவும் நடந்தால் ஆலோசகருக்கு ஒரு வரி சொல்லிவையுங்கள். முழுக் கதையும் வேண்டாம். "வீட்டில் கொஞ்சம் கஷ்டமான நேரம், பிள்ளையைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்பதே போதும்.

போகும்போது பிள்ளை எதை எப்போதிலிருந்து செய்கிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். 'சோம்பேறி', 'பிடிவாதக்காரன்' என்று சொல்வதைவிட, "மூன்று வாரமாக இரவு ஒரு மணிக்கு மேல்தான் தூங்குகிறான், சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது" என்பது பத்து மடங்கு உதவும். என்ன குறித்துவைக்கிறீர்கள், அதை யார் பார்க்க முடியும், அடுத்து எப்போது பேசலாம் என்று அவர்களிடமும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அவர்களால் முடியாததும் உண்டு. மருந்து எழுத மாட்டார்கள். நீண்ட கால சிகிச்சை தேவைப்பட்டால் வெளியே அனுப்பிவைப்பார்கள். தண்டனை கொடுப்பது அவர்கள் வேலையே கிடையாது. திட்டி அனுப்புகிற இடமாக அந்த அறையை ஒரு பள்ளி மாற்றிவிட்டால் பிள்ளைகள் அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டார்கள். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஒரு ஆலோசகர் வேண்டும் என்றும், அவருடைய நேரத்தில் 80 சதவீதமாவது மாணவர்களுக்காகச் செலவாக வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. பல பள்ளிகளில் ஆயிரம் பேருக்கு ஒருவர் இருப்பதே பெரிது. அவரையும் தேர்வு மேற்பார்வைக்கும், வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதற்கும் அனுப்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கதவைத் தட்டிய பிள்ளை, பூட்டியிருக்கிறதே என்று திரும்பிப் போகிறது. மறுபடி வருமா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதோடு, ஆலோசகர் அறை வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்றும் கேளுங்கள்.

கேஸ் எப்படி முடிகிறது?

ஒரேயடியாக முடிப்பதில்லை. நம் மாணவி முதல் மாதம் வாரம் ஒருமுறை ஆலோசகரைப் பார்த்தாள். தாமதம் நின்ற பிறகும் பேச விஷயம் இருந்தது. தங்கையைப் பார்த்துக்கொள்வது தனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, சில நாள் எரிச்சலாகவும் இருக்கிறது, எரிச்சல் வந்ததற்காக அழுகையும் வருகிறது என்று மூன்றாவது சந்திப்பில்தான் சொன்னாள். பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆனது. பிறகு மாதம் ஒருமுறை. சமூகப் பணியாளர் அம்மாவுக்கு இரண்டு முறை போன் செய்தார். காப்பகத்தில் ஏற்பாடு இன்னும் நடக்கிறதா, ஷிஃப்ட் ஏதும் மாறியதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கடைசிச் சந்திப்பில் ஆலோசகர் மறுபடி அந்த எண்ணைக் கேட்டார். 7 என்றாள். ஏன் 6 இல்லை என்று கேட்பதற்குள் அவளே காரணத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இப்போது இருவரும் வராந்தாவில் எதிரெதிரே வந்தால் லேசாகத் தலையசைத்துக்கொள்கிறார்கள். அவள் நிற்பதில்லை, பெல் அடித்துவிடும்.